வலது கை விழிக்கும் வரை

முதலில் தோள் போயிற்று. அது போகும் என்று தவசீலிக்குத் தெரியும். எந்த வரிசையில் போகும் என்பதுகூடத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். மூன்று நாளுக்கு முன் சுகாதார நிலையத்தின் கழுவுமிடத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு நொறுங்கியிருந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்க வையுங்கள் என்று அவளேதான் கேட்டாள். கேட்டதைச் செய்துவிட்டார்கள். வலது காறை எலும்புக்கு மேலே, கழுத்தும் தோளும் சேருகிற பள்ளத்தில் ஊசி இறங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மயக்க டாக்டர் பர்வீன் "எங்கே, கையைப் பக்கவாட்டில தூக்குங்கம்மா" என்றாள். தூக்கு என்று தவசீலி உள்ளே சொன்ன சொல் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டுவிட்டது. தோளின் மேல் கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கிற அந்தத் தடித்த தசை, டெல்டாய்டு, அதில் எத்தனை ஆயிரம் பேருக்கு ஊசி போட்டிருப்பாள், அவளுடையது இப்போது காது கேளாத ஆளைப் போலக் கிடந்தது. "முழங்கையை மடக்குங்க." பாதி மடங்கி விழுந்தது. மறுபடி சொன்னபோது கால்வாசி. "விரலை அசைங்க." விரல்கள் அசைந்தன. இதுவும் அவளுக்குத் தெரியும், விரல்கள் கடைசியில்தான் போகும். தியேட்டர் டெக்னீஷியன் பையன் சிரித்தான். "சிஸ்டர், இனி சாயங்காலம் வரைக்கும் நீங்க யாரையும் கிள்ள முடியாது." "இடது கை சும்மாதாம்ல இருக்கு" என்றாள் தவசீலி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி தலையைத் திருப்பித் தன் வலது கையைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றது. கை உடம்போடு ஒட்டி நேராகத் தொங்கியது. முழங்கை மடங்காமல் நீண்டிருந்தது. கை முழுக்க உள்பக்கமாகச் சுருண்டு, உள்ளங்கை பின்புறம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியதுபோல் இருந்தது. அந்தக் கை அவளுக்குத் தெரிந்த கை. பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த கை. தங்கச்சி மகன் ஆசீரின் கை.

இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று நிமிஷம் அது அப்படி இருந்திருக்கும். மேலே இருக்கிற நரம்பு வேர்கள் இரண்டும் மரத்து, கீழே இருக்கிறவை இன்னும் மரக்காத இடைவெளி. அதற்கப்புறம் மருந்து கீழேயும் இறங்கி எல்லாம் ஒரே துவளலாகிவிட்டது. கையைத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள், மருந்து பூசினார்கள், பச்சைத் துணியைத் திரையாக முகத்துக்கு முன்னால் கட்டினார்கள். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். கழுத்திலிருந்து கைக்கு ஐந்து வேர்கள் இறங்குகின்றன. மேல் இரண்டும் சேர்ந்து ஒரு தண்டு, நடுவில் இருப்பது தனியே ஒரு தண்டு, கீழ் இரண்டும் சேர்ந்து ஒரு தண்டு. மூன்று தண்டும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து ஆறாகி, ஆறும் மறுபடி கூடி மூன்று வடங்களாகி, அக்குளைத் தாண்டும்போது ஐந்து பெரிய நரம்புகளாகிக் கைக்குள் போகின்றன. ஒன்று தோளைத் தூக்க, ஒன்று முழங்கையை மடக்க, ஒன்று எல்லாவற்றையும் விரிக்க, ஒன்று கட்டை விரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து பிடிக்க, ஒன்று சுண்டுவிரல் பக்கத்துச் சின்ன வேலைகளுக்கு. பதினெட்டு வயதில் பாளையங்கோட்டை நர்ஸிங் பள்ளியில் இதை மனப்பாடம் செய்ய முடியாமல் அழுதிருக்கிறாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டுக்கு வந்தபோது வழி கிடைத்தது. தங்கச்சி எப்சிபாவுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா இறந்த வருஷம். தலை பின்னிவிட வேறு ஆள் இல்லை. ஈரத் தலையை ஐந்து காலாகப் பிரித்து, மேல் இரண்டைச் சேர்த்து, நடுவை விட்டு, கீழ் இரண்டைச் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றிச் சேர்த்து, வாய் ஓயாமல் பெயர் சொல்லிக்கொண்டே பின்னினாள். "எக்கா, வலிக்கி. இது என்ன பின்னலு? பள்ளிக்கூடத்துல சிரிப்பாவ." "சும்மா இருட்டி, எனக்கு மார்க்கு வேணும்லா." தலையை ஆட்டினால் இழுப்பாள். இழுத்தால் எப்சி அசையாமல் இருப்பாள். அந்தப் பரீட்சையில் தவசீலிதான் முதல் மார்க்கு. பிரசவத்தில் இழுக்க வேண்டாத இடத்தையும் இழுக்கக் கூடாத விதத்தையும் எழுதித்தான் அந்த மார்க்கு வாங்கினாள். அந்த விடைத்தாள் இப்போது எந்தக் கிடங்கில் மக்கிப் போயிருக்கும்?

திரைக்கு அப்பால் துளைப்பான் ஓடியது. எலும்பில் துளை போடுகிற சத்தம், வீடு கட்டுகிற சத்தம் மாதிரி, அவளுடைய எலும்புதான் என்று நம்ப முடியாத சத்தம். வலி இல்லை. ஆனால் வேறு ஒன்று இருந்தது. கை பலகையில் நீட்டிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அப்படித்தான் வைத்தார்கள். உள்ளேயோ அது மடங்கியிருந்தது. முழங்கை மடங்கி, விரல்கள் வளைந்து, உருண்டையான ஒன்றை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தது. ஊசி போடும்போது உடைந்த கையை மடக்கி வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள், மரக்கிறபோது கை எப்படி இருந்ததோ மூளை அதையே நினைத்துக்கொண்டிருக்கும், இப்படிப் பல நோயாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள், அவர்களிடம் "ஒண்ணுமில்ல, போயிரும்" என்று சொல்லியும் இருக்கிறாள். விடு, விடு என்று அந்த இல்லாத கையிடம் சொன்னாள். அது விடவில்லை. மூச்சு முழுதாக இறங்காததுபோல் இருந்தது. வலது பக்கத்தில் அரைவாசி. இதற்கும் காரணம் தெரியும். கைக்குப் போகும் நரம்புப் பின்னலுக்கு மேலே கழுத்துப் பின்னல் இருக்கிறது, அதிலிருந்து ஒரு நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மூச்சுத் தசைக்குப் போகிறது, மருந்து கொஞ்சம் மேலே ஏறினால் அதுவும் ஒரு பக்கம் தூங்கும். "டாக்டரம்மா, மூச்சு பாதிதான் வருது." "ஆக்ஸிஜன் அளவு நல்லா இருக்கும்மா. அந்தப் பக்க நரம்பு கொஞ்சம் அசந்திருக்கும். பயப்படாதீங்க, உங்களுக்குத் தெரியாததா." தெரியாததா. தெரிந்ததுதான் எல்லாம். அன்றைக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

எப்சிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி. மாப்பிள்ளை வீட்டார் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள், எப்சி கேட்கவில்லை. "எங்கக்கா கையிலதான் எம் புள்ள பொறக்கணும்." அந்த ஊர் சுகாதார நிலையத்தில் தவசீலி கையில் இருநூறுக்கு மேல் பிறந்திருந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை, அதை அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். வலி நடுவில் எப்சி கத்தினாள், "எக்கா, வலது காலு மரத்துப் போச்சு, தூக்க முடியல." அப்போதே நின்றிருக்க வேண்டும். காலுக்கும் ஒரு பின்னல் உண்டு. இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகிறது. இறங்குகிற தலை பெரிதாக இருந்தால் அதை நசுக்கும், கால் மரக்கும். தலை பெரிசு, பிள்ளை பெரிசு, தோள் அதைவிடப் பெரிசாக இருக்கலாம், டாக்டரைக் கூப்பிடு. டாக்டர் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பதடி. ஆயாவை அனுப்பினால் போதும். என் தங்கச்சி, என் கை, ஏன் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. தலை வந்தது. வந்து, ஆமை மாதிரி மறுபடி உள்ளே போய் அழுந்திக்கொண்டது. பிள்ளையின் தோள் தாயின் இடுப்பு முன் எலும்பில் மாட்டிக்கொண்டது. தாயின் இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்க வேண்டும், அடிவயிற்றில் ஒரு ஆள் அழுத்த வேண்டும், தலையை இழுக்கவே கூடாது. பரீட்சையில் எழுதியது. ஆனால் அந்தச் சின்ன முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. நாவல்பழ நீலம். எப்சியின் மூக்கு அப்படியே அந்த முகத்தில். தவசீலி தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை வலது உள்ளங்கைக்குள் ஒரு தளர்வு தெரிந்தது. சத்தம் இல்லை. பழைய சேலையில் நூல் போவதுபோல, போகும்போது தெரியாமல் போனபின் தெரிகிற ஒரு தளர்வு. அப்புறம் தோள் வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை அழுதான். ஆயா "ஸ்தோத்திரம்" என்றாள். எப்சி அழுதுகொண்டே சிரித்து, "எக்கா, நீ இல்லன்னா செத்திருப்பான்லா" என்றாள். தவசீலி தொட்டிலின் விளிம்பைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டால் பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். அவன் இடது கையை விரித்தான். வலது கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்னால் பார்த்துக் கிடந்தது. அவள் வெள்ளைத் துணியை எடுத்து, கை இரண்டும் உள்ளே போகும்படி இறுக்கிச் சுற்றினாள். கேஸ் ஷீட்டில் சுகப்பிரசவம் என்று எழுதினாள்.

மூன்று நாள் அப்படிச் சுற்றியே வைத்திருந்தாள். "குளிருட்டி, திறக்காத." நாலாம் நாள் எப்சியே அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "எக்கா, இவன் ஒரு கைய அசைக்கவே மாட்டேங்கான்." தயாராக வைத்திருந்தது போலத் தவசீலியின் வாயில் வந்தது: "வயித்துக்குள்ள கை மடங்கிக் கெடந்திருக்கு. தானா சரியாயிரும்." ஒரு வாக்கியம். அதைச் சொல்ல மூன்று விநாடி ஆகியிருக்கும். முதல் சில மாதங்களுக்குள் கொண்டுபோனால் அறுந்த வேரை ஒட்டிப் பார்க்கிற டாக்டர்கள் பெரிய ஊரில் இருந்தார்கள். கொண்டுபோயிருந்தால் முதல் கேள்வி, பிரசவம் யார் பார்த்தது, எப்படி இழுத்தார்கள். "பொறு, எண்ணெய் தேய், வெயில்ல காட்டு" என்றாள். எப்சி பொறுத்தாள், தேய்த்தாள், காட்டினாள். ஒவ்வொரு காலையிலும் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டு "அசையுதா, ராசா, அசையுதா" என்று கேட்பாள். விரல்கள் அசைந்தன, அவை கீழ் வேர்கள். தோள் மட்டும் ஒருநாளும் எழவில்லை. ஒருநாள், ஆசீருக்கு நாலு வயது இருக்கும், மத்தியானம் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். "ஏட்டி, இந்த வெக்கையில ஏன் இப்பிடி மல்லாந்தே கெடக்க? ஒருக்களிச்சுப் படு, காத்து வரும்." எப்சி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "மாட்டேன்க்கா. அன்னைக்கு நான் ஒருக்களிச்சுப் படுத்ததுலதான அவன் கை நசுங்குச்சு. அது வவுத்துல இருக்கப்ப எப்பவும் வலப்பக்கந்தான் படுப்பேன். அதுக்கப்புறம் படுக்கதே இல்ல." தவசீலி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குடித்தாள். திரும்பி வந்து படுத்தாள். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசீரின் பிறந்தநாள் வருகிற வாரம் ஒவ்வொரு வருஷமும் எப்சி சபையில் எழுந்து சாட்சி சொல்வாள், கர்த்தர் எங்கக்கா கை வழியா எம் மகனைக் காப்பாத்தினார் என்று. தவசீலி மூன்றாவது வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பாள்.

"முடிஞ்சுதும்மா" என்றார்கள். வார்டுக்குக் கொண்டுவந்தபோது மணி பன்னிரண்டு. ஜன்னலோரக் கட்டில். முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு, அதற்கு வெளியே ஐந்து விரல்கள் மட்டும், இறந்தவர்களுடைய விரல்கள் போல வைத்தபடி கிடந்தன. எப்சி ஃபிளாஸ்க்கும் கூடையுமாக நின்றாள். ஆஸ்பத்திரி கவுனை மாற்ற வார்டு நர்ஸ் ஒரு சின்னப்பெண் வந்து இடது கையைச் சட்டைக்குள் விடப் போனாள். "அது இல்லம்மா" என்று எப்சி வாங்கிக்கொண்டாள். மரத்த கையை முழங்கைக்கு அடியில் ஏந்தி, தோள் கீழே இழுபடாமல் தன் மார்போடு அணைத்து, அதை முதலில் சட்டைக் கைக்குள் விட்டு, தோள் வரை ஏற்றி, அப்புறம் தலை, அப்புறம் நல்ல கை. ஒரு இழுப்பு இல்லை. "யாருக்கா உங்களுக்கு இவ்வளவு அழகாச் சொல்லிக் குடுத்தா?" என்றாள் அந்தப் பெண். "எம் மவனுக்கு இப்பிடித்தான். காலேஜ் போற வரைக்கும் நாந்தான் போட்டுவிட்டேன்" என்றாள் எப்சி. தலையணையை மடித்துக் கைக்கு அடியில் வைத்து, விரல் நுனி முழங்கையைவிட உயர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அப்போதுதான் தவசீலி நினைத்தாள்: இந்தக் கை செத்துக் கிடக்கிறபோதே சொல்லிவிட வேண்டும். விழித்துவிட்டால் இது மறுபடி என்னுடைய கை, என் பேச்சைக் கேட்கும் கை, எதையாவது பிடித்து மறைத்துவிடும். ஏழு மணி நேரம் என்றாள் டாக்டர் பர்வீன், ஒன்பதரைக்குப் போட்டது. நாலரை வரை.

ஒரு மணிக்கு எப்சி ரசஞ்சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். "ஆ காட்டு. சின்ன வயசுல நீ ஊட்டுவல்லா, அந்தக் கடன்" என்று சிரித்தாள். சோறு தொண்டையில் இறங்கியது, சொல் ஏறவில்லை. இரண்டு மணிக்கு ஆசீர் போன் செய்தான், எப்சி அதை அக்காவின் இடது காதில் வைத்தாள். "பெரிம்மா, கை எப்பிடி இருக்கு?" "தொங்குதுல." "அப்போ இன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. நான் சீனியர், சந்தேகம் இருந்தா கேளுங்க." அவன் சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாததற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பான், இடது கையால் தலை வாரிக் கோணல் வகிடு எடுத்துவிட்டு இதுதான் ஸ்டைல் என்பான். "வச்சிருதேன் பெரிம்மா, கிளாஸ் இருக்கு." மூன்று மணி. மின்விசிறி சுற்றியது. அடுத்த கட்டிலில் யாரும் இல்லை, சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. எப்படித் தொடங்குவது? எப்சி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றா? அப்படிச் சொன்னால் அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. சொன்னால் என்ன நடக்கும்? எழுந்து போய்விடுவாளா? கூடையை எடுப்பாளா, விட்டுவிட்டுப் போவாளா? ஆசீரிடம் அவள்தான் சொல்வாளா, இல்லை நீயே சொல் என்பாளா? அவன் அதற்கும் ஒரு வேடிக்கை சொன்னால் எப்படித் தாங்குவது? அவள் சாட்சி சொன்ன வருஷங்களை என்ன செய்வாள்? பத்தொன்பதையும் சபையில் எழுந்து திரும்ப வாங்கிக்கொள்வாளா? சொல்லாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. எப்சி மல்லாந்து படுப்பாள். சாகிறவரைக்கும் மல்லாந்து படுப்பாள். அவ்வளவுதான் நடக்கும்.

நாலு மணி இருக்கும்போது தோளில் எறும்பு ஊர்ந்தது. எறும்பு இல்லை, தோள்தான். மூச்சு வலப்பக்கத்திலும் அடிவரை இறங்கியது. எப்சி கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு வெளியே இருந்த விரல்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். தவசீலிக்கு அது கண்ணுக்குத்தான் தெரிந்தது. சுண்டுவிரலில் தொடங்கி மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல். மறுபடி சுண்டுவிரல். "அசையுதாக்கா?" பத்தொன்பது வருஷத்துக் குரல். அதே இழுவை, அதே எதிர்பார்ப்பு. சட்டைக்குள் தோளை ஒரு நூல் தூக்கிப் பார்த்தாள் தவசீலி. எழுந்தது. சமர்த்தாக எழுந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து காத்திருந்தது இதற்கா என்று கண்ணில் நீர் முட்டியது. அவனுக்கு எழாதது இவளுக்கு எழுகிறது, ஆறரை மணி நேரத் தண்டனை, அவ்வளவுதான், முடிந்தது. "இல்லட்டி" என்றாள். தோளைக் கீழே விட்டாள். "இன்னும் இல்ல." "வரும்க்கா. பொறு." எப்சி தேய்த்தாள். ஆள்காட்டி விரலில் மெல்லிய சூடு. பெருவிரலின் வெளிப்பக்கம் சுரீர் என்று ஊசிகள். அது மேல் தண்டின் தோல், ஐந்தில் மேலிருந்து இரண்டாவது வேர், அவள் இழுத்து அறுத்த அதே வேர். எப்சியின் விரல்கள் அந்தப் பெருவிரலை அடியிலிருந்து நுனிவரை உருவி வருவது இப்போது துணிக்கு அப்பால் கேட்கிற பேச்சுபோலத் தெரிந்தது, பிறகு தெளிவாகவே தெரிந்தது. சொரசொரப்பான விரல்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. தவசீலி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எப்சி. அன்னைக்கு நாந்தான் இழுத்தேன். தலையப் புடிச்சு இழுத்தேன். இழுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். டாக்டரக் கூப்புட்டிருக்கணும், கூப்புடல. அவன் கழுத்து நரம்பு எங் கையிலதான் போச்சு. வயித்துக்குள்ள மடங்கிக் கெடக்கல. பொய். சின்னப் புள்ளையிலயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா சரி பண்ணியிருக்கலாம். எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் பொறுக்கச் சொன்னேன்."

உருவிக்கொண்டு வந்த விரல்கள் நின்றன. எங்கே நின்றன என்பது தவசீலிக்குத் துல்லியமாகத் தெரிந்தது, பெருவிரலின் இரண்டாம் கணுவில், ஒரு பக்கம் எப்சியின் கட்டை விரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தூரமாகி அடங்கியது. அப்புறம் எப்சி மிகச் சின்னக் குரலில், ஐந்து வயதுக் குரலில் கேட்டாள்.

"அப்போ நான் படுத்ததுனால இல்லையா?"

"இல்ல."

"ஒருக்களிச்சுப் படுத்ததுனால இல்லையா?"

"இல்லட்டி. நீ ஒண்ணும் செய்யல."

எப்சியின் அந்த இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை. காலையிலிருந்து உள்ளே எதையோ அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இல்லாத கை எப்போது விட்டது என்று தவசீலி கவனிக்கவில்லை. இப்போது தேடினால் அது இல்லை. தலையணைமேல் கிடந்த கை மட்டுமே இருந்தது. அது விழித்துவிட்டது. பெருவிரலை மடக்கினால் தங்கையின் விரலைப் பிடித்துக்கொள்ளலாம், போகாதே என்று பிடித்துக்கொள்ளலாம், மடக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மடக்கவில்லை. விரலை நேராக, அசையாமல், எப்சி எப்படி வைத்திருந்தாளோ அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.